பன்னெண்டாம் மணி ரத்தம்

பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கங்கக்கான்னு சொல்லிட்டு அந்த லேப் பொண்ணு அடுத்த ஆளைக் கூப்பிட்டுருச்சு. எனக்குச் சொல்லித் தரணுமாக்கும். ஆறு வருசமா இதே கையில, இதே நரம்புலதான் குத்திக்கிட்டிருக்காங்க, எங்க குத்துனா ரத்தம் வரும்னு அந்தப் பொண்ணுக்கே நான்தான் காட்டிவிடணும். நேத்து ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை, இன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு ரத்தம், நடுவுல சரியா பன்னெண்டு மணி நேரம் இருக்கணும். காலை மாத்திரை இன்னும் போடல, கைப்பையில இருக்கு. ரத்தத்துல லித்தியம் எவ்வளவு நிக்குதுன்னு பாக்குறதுக்கு இந்தக் கூத்து. கம்மியா இருந்தா பிரயோஜனம் இல்லை, கூடிப்போனா விஷம், ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன இடம், அதுக்குள்ளதான் நான் ஆறு வருசமா குடித்தனம் பண்ணுறேன். பத்தரைக்கு ரிசல்ட் வரும், அப்புறம் டாக்டர் ரெஜினா கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் இந்த இரும்பு நாற்காலி, சத்தம் இல்லாம ஓடுற அந்த டிவி, பக்கத்துல என் வீட்டுக்காரரு பவுன்ராஜ். மினி பஸ் ஓட்டுறவரு, இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்து உக்காந்திருக்காரு. வலிக்குதா ஜோதிங்கிறாரு. ஊசி குத்துனா வலிக்காம இனிக்குமா? இல்லைங்கன்னேன். நான் டாக்டர்கிட்ட சொல்லப்போறது ஒரே ஒரு வாக்கியம். மாத்திரையை நிறுத்திருங்க டாக்டர். கேக்கப்போறது இல்லை, சொல்லப்போறேன். வீட்டுலேர்ந்து கிளம்பும்போதே முடிவு பண்ணியாச்சு, திண்டுக்கல் வர்ற வரைக்கும் பஸ்ஸுல பத்துத் தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாத்தாச்சு. இவருக்குத் தெரியாது. தெரிஞ்சா மனுசன் இங்கயே மயங்கி விழுந்துருவாரு.

பஞ்சு நடுங்குது. பஞ்சு எங்க நடுங்குது, விரலு நடுங்குது. இடது கையை வலது கையால பிடிச்சா ரெண்டும் சேந்து நடுங்குது, நல்ல ஜோடி. ரெண்டு வாரமா இந்தக் கூத்துதான். முதல்ல டீ கிளாஸுல பாத்தேன், ஓரத்துல தளும்பி சாஸர்ல ஊத்துச்சு, சூடுன்னு நெனச்சேன். அப்புறம் சட்டத்துல உக்காந்தப்ப தெரிஞ்சு போச்சு. ஆரி வேலை என்னோடது. கல்யாண பிளவுஸ் துணியை மரச்சட்டத்துல இழுத்துக் கட்டி, நுனியில கொக்கி வச்ச ஊசியை மேலேயிருந்து குத்தி, கீழேயிருந்து நூலைக் கோத்து எடுக்கணும். கண்ணு ஒரு பக்கம், கை ஒரு பக்கம், மூச்சுகூட அளந்துதான் விடணும். பதினெட்டு வருசமா குத்துறேன். வத்தலக்குண்டுல இருந்து நிலக்கோட்டை வரைக்கும் கல்யாணப் பொண்ணுங்க என் பேரைச் சொல்லித்தான் பிளவுஸ் கேக்கும், நாகஜோதியக்கா கையின்னா மயில் பறந்துருமேன்னு சொல்லும். போன செவ்வாக்கிழமை ஒரு மயில் கண்ணுக்கு ஒத்தைப் பாசிமணி வைக்கணும், நாலு தடவை குத்துனேன், நாலு தடவையும் ஊசி வேற எங்கயோ இறங்குச்சு. பட்டுல ஓட்டை விழுந்தா விழுந்ததுதான், அடிச்சு எழுதுறதுக்கு அது நோட்டுப் புத்தகமா? பர்வீன்தான் பாத்துட்டா. என்கிட்ட வேலை கத்துக்கிட்டு இப்ப கூடவே இருக்கிறவ, ரெண்டு பிள்ளைக்குத் தாய், வாயைத் திறந்து எதுவும் கேக்கமாட்டா. சட்டத்தை மெதுவா அவ பக்கம் இழுத்து, அக்கா கண்ணாடி மாத்தணும்போல, இதை நான் பாக்குறேன், நீங்க டிசைன் வரைங்கன்னா. கண்ணாடியாம். என் மானத்தைக் காப்பாத்துறாளாம். பென்சிலைப் பிடிச்சா கோடு புழு மாதிரி நெளியுது, இதுல எங்க டிசைன் வரையுறது? அன்னைக்கு ராத்திரிதான் தெளிவா தெரிஞ்சது. இந்த மாத்திரை கையை நடுங்க வைக்கும்னு டாக்டரே முன்னாடி சொன்னதுதான். ஆறு வருசம் சும்மா இருந்தது இப்ப ஆரம்பிச்சிருக்கு. மாத்திரையா ஊசியா, ரெண்டுல ஒண்ணுதான். ஊசியை விட்டுட்டு நான் என்ன செய்ய, இந்த டிவி மாதிரி சத்தமில்லாம ஓடிக்கிட்டிருக்கவா? மாட்டேன்.

மாத்திரையை விட்டா என்ன ஆகும்? அதையும் யோசிக்காம இல்லை, நான் ஒண்ணும் பச்சப்பிள்ளை கிடையாது. ஆறு வருசத்துக்கு முன்னாடி பதினோரு நாள் தூங்கல. தூக்கம் வரலன்னு இல்லை, வேணாம், எதுக்கு அதுன்னு இருந்துச்சு. ஐயோ அந்த சந்தோசம். இப்ப நெனச்சாலும் வெக்கமா இருக்கு, ஏக்கமாவும் இருக்கு, ரெண்டும் ஒண்ணாவா இருக்கும், இருக்கே. விரலு நுனியில கரண்டு ஓடுச்சு. பாக்குற நிறமெல்லாம் என்னைக் கூப்புட்டுச்சு, அரக்குச் செவப்பு வா வான்னுது, மாம்பழ மஞ்சள் நான்தான் முதல்லன்னுது. உலகத்துலயே யாரும் செய்யாத ஒரு சேலை செய்யப்போறேன்னு சொல்லி, வேலைக்கு வந்திருந்த நாலு வீட்டுக் கல்யாணப் பட்டை எடுத்து, கத்திரிக்கோலால நறுக்கு நறுக்குன்னு நறுக்கித் தரை முழுக்கப் பரப்பிட்டேன். நாலு பொண்ணுங்களோட கல்யாணம். அதுல ஒருத்திக்கு மறுவாரம் முகூர்த்தம். அந்தப் பொண்ணு வந்து வாசல்ல நின்னு பாத்த பார்வை இருக்கே, அப்ப எனக்கு அது உறைக்கல, அழாதடி இதைவிட பெருசா ஒண்ணு தரப்போறேன்னு சிரிச்சேனாம். சிரிச்சேன். அப்புறம் ஏறுனது இறங்குச்சு. இறங்குச்சுன்னா சாதாரணமா இல்லை, அடி தெரியாம இறங்குச்சு. நாலு மாசம் சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தேன். சுண்ணாம்பு உரிஞ்ச இடம் ஒண்ணு இலங்கை மாதிரி இருக்கும், அதையே பாத்துக்கிட்டிருப்பேன். பசிக்கல, அழுகை வரல, அதுகூட வரல. பையன் பரிட்சைக்குப் போறேம்மான்னு வந்து நின்னான், நல்லா எழுதுடான்னு சொல்ல வாய் வரல. அந்த ஒரு வாக்கியம் சொல்லாதது இன்னும் தொண்டையில நிக்குது. அவன் இப்ப கோயமுத்தூர்ல வேலைக்கே போயிட்டான், அது அவனுக்கு ஞாபகம் இருக்கான்னு கேக்க பயமா இருக்கு. திரும்ப அது வந்தா? வரட்டும். இல்லை, வரக்கூடாது. சரி, இந்த நெனப்பு இப்படியே சுத்தும், இதை விடு ஜோதி, வேறதை நெனை.

வேறன்னா எதை நெனைக்க, மூளையை வச்சு மூளையை நெனைக்கிறது பெரிய ரோதனை. டாக்டர் ரெஜினா அப்ப ஒரு பேப்பர்ல வரைஞ்சு காட்டுனாங்க. மூளைக்குள்ள ஆழத்துல பாதாம்பருப்பு அளவுக்கு ஒரு இடம் இருக்காம். பயம், கோவம், ஆபத்துன்னு எதுவா இருந்தாலும் முதல்ல மணி அடிக்கிறது அதுதானாம். நெத்திக்குப் பின்னாடி இன்னொரு இடம், அது கொஞ்சம் நிதானமா பாத்து, சரி போதும், ஒண்ணுமில்லைன்னு அடக்கி வைக்குமாம். தூக்கத்துக்கு ஒரு கடிகாரம் வேற உள்ளேயே ஓடுதாம், அது தப்புனா எல்லாம் தப்புமாம். எல்லாருக்கும் மனசு ஏறும் இறங்கும்மா, ஏறுனது தானா இறங்கணும், இறங்குனது தானா ஏறணும், அந்தத் தானாங்கிற வேலைதான் உங்க மூளையில தகராறு பண்ணுதுன்னாங்க. நான் கேட்டேன், ஒரு பாதாம்பருப்புக்காகவா டாக்டர் நான் நாலு மாசம் சுவத்தைப் பாத்துக் கிடந்தேன்? அவங்க சிரிக்கல. உங்க தப்பு இல்லைங்கிறதை எப்படிச் சொன்னா நம்புவீங்கன்னு கேட்டாங்க. சரி, இந்த லித்தியம் உள்ள போயி என்னதான் பண்ணுதுன்னேன். முழுசா இன்னும் யாருக்கும் தெரியாதும்மா, ஆனா பண்ணுதுன்னாங்க. அந்த ஒரு பதிலுக்குத்தான் அந்தம்மாவை நம்புனேன், தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற ஆளு எங்க கிடைக்குது. ஆனா ஒரு கேள்வியை அவங்ககிட்டயும் கேக்கல. அப்ப நான் யாரு? கோவம் வந்தா அது பருப்போட கோவமா, என் கோவமா? பக்கத்து வீட்டுக்காரி என் வாசல்ல தண்ணியைத் திறந்துவிடுறா, நியாயமா கோவம் வருது, நாலு வார்த்தை கேக்குறேன். உள்ளேயிருந்து இவரு குரல் வருது, ஜோதி மாத்திரை போட்டியா? போட்டேன்யா போட்டேன், போட்டுட்டுத்தான் திட்டுறேன்! ஊருல எல்லாப் பொம்பளைக்கும் கோவம் வந்தா கோவம், எனக்கு வந்தா மட்டும் மாத்திரைக் கணக்கு. ரெண்டு நாள் பேசாம இருந்தா அதுக்கும் அதே கேள்வி. சந்தோசமா இருந்தா இன்னும் மோசம், கேள்வியே வராது, சும்மா பாப்பாரு.

இப்பவும் பாக்குறாரு, ஓரக்கண்ணால. அவரு மணிக்கட்டுல ஒரு மஞ்சக் கயிறு நைஞ்சு அழுக்கேறிக் கிடக்கு. அந்தப் பார்வையிலேர்ந்துதான் அந்தக் கயிறு வந்துச்சு. வைகாசிக் கடைசியில இவங்க பெரியப்பா பேரனுக்குக் கல்யாணம். தலைக்கு மேல ட்ரோன் கேமரா விட்டிருந்தாங்க, ங்கொய்யுனு சுத்திக்கிட்டிருந்துச்சு. தாய்மாமன் புதுத் தலைப்பாகை கட்டி, மீசையை முறுக்கிக்கிட்டு ராஜாவாட்டம் நடந்து வர்றாரு, அது தாழ வந்து தலைப்பாகை நுனியை இறக்கையில மாட்டிக்கிட்டு மேல போயிருச்சு. ஏய் ஏய்ன்னு அவரு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு மண்டபத்தைச் சுத்தி அது பின்னாடியே ஓடுறாரு. யாருக்குத்தான் சிரிப்பு வராது? எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர. அவங்க எல்லாரும் நிறுத்துன பிறகும் எனக்கு கொஞ்ச நேரம் நிக்கல, அவ்வளவுதான். திரும்பிப் பாக்குறேன், இவங்க சொந்தக்காரங்க அத்தனை பேரும் சாம்பார் வாளியோட, இலையோட அப்படியே நிக்கிறாங்க, இவரு மூஞ்சியில ரத்தமே இல்லை. அன்னைக்கு நல்லாத் தூங்குனேன், ஏழு மணி நேரம், மறுநாளும் தூங்குனேன், ஒண்ணும் ஆகல. அது வெறும் சிரிப்பு, என் சிரிப்பு. ஆனா மனுசன் மறுநாள் விடியக்காலையில போயி எங்க ஊரு மாரியம்மனுக்குக் கயிறு கட்டிக்கிட்டு வந்துட்டாரு. ஒரு மண்டலம் உப்பில்லாம சாப்பிடுறேன் தாயே, எம் பொண்டாட்டிக்குப் பழையபடி வந்துறக் கூடாது. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எனக்குக் கோவம்தான் வந்துச்சு, ஆனா என்ன சொல்ல, எனக்காகத்தானே. பஸ் ஓட்டிட்டு வந்து உப்பில்லாத ரசத்தை வெறும் தண்ணி மாதிரி ஊத்திக் குடிக்கிறாரு, எதிர்ல உக்காந்து நான் மட்டும் கருவாட்டுக்குழம்பு திங்கவா? ரெண்டு பேரு இருக்கிற வீட்டுல ரெண்டு சமையலா? ஒரே சட்டியில வச்சேன், உப்புப் போடாம. முதல் நாலு நாள் குமட்டுச்சு, அப்புறம் நாக்கு செத்துப்போச்சு. அக்கம்பக்கத்துல எல்லாம் புருசன் விரதத்துக்குப் பொண்டாட்டியும் இருக்கா பாருன்னு ஒரே பெருமை. எனக்கும் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

பாட்டில்ல தண்ணி தீந்துருச்சு. என்ன தாகமோ, பத்து நாளா இப்படித்தான் ஊத்த ஊத்த இழுக்குது. தண்ணி பிடிக்கிறேன்னு எந்திரிச்சேன், கால் ஒரு மாதிரி பின்னுச்சு, காலையில ஆஸ்பத்திரிப் படியிலயும் பின்னுச்சு, நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பாத்து கண்ணுன்னு பக்கத்து நாற்காலியில இருந்த அம்மா கையைக் குடுத்துச்சு. பச்சைச் சேலை, அறுபது வயசு இருக்கும், சர்க்கரைக்கு ரத்தம் குடுக்க வந்ததாம், குடுத்த கையோட மடியில பொட்டலத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டுக் கொய்யாப்பழம் திங்குது. ஆயக்குடிக் கொய்யா, நாலாக் கீறி உப்பும் மிளகாத்தூளும் தூவி. அந்த வாசம் மூக்குல ஏறுன உடனே எனக்கு வாயெல்லாம் ஊறிப்போச்சு, தாடையெல்லாம் கூசுது, இப்படி ஒரு ஆசை வரும்னு நான் நெனச்சே பாக்கல. ஒரு துண்டு எடுத்துக்க கண்ணுன்னுச்சு. எடுத்துட்டேன். வாய்க்கிட்ட கொண்டு போயிட்டேன். ஜோதி, உப்புன்னாரு இவரு. உப்பு தூவியிருக்கு ஜோதி, இன்னும் பதினாறு நாளுதானே. திருப்பி பொட்டலத்துலயே வச்சேன். ஏன் கண்ணு, பிரஷரான்னு அந்தம்மா கேட்டுச்சு. இல்லைங்க, விரதம். எத்தனை நாளா? முப்பத்திரெண்டு நாளுன்னேன். அடேயப்பா, அதான் கை இப்படி ஆடுதா, உப்பில்லாம உடம்பு என்னத்துக்கு ஆகும்னு அது பாட்டுக்குச் சொல்லிட்டு அடுத்த துண்டைக் கடிச்சுது.

முப்பத்திரெண்டு நாள். கை ஆடுறது ரெண்டு வாரமா, தாகம் பத்து நாளா. ஆறு வருசமா ஆடாத கை. ஆறு வருசமா இதே மாத்திரை, இதே அளவு, காலையில ஒண்ணு ராத்திரி ரெண்டு. மாத்திரை மாறல. பின்ன என்ன மாறுச்சு? இரு, இரு, இதை விட்டுறாத ஜோதி, நூலு நழுவுற மாதிரி நழுவுது, பிடி. டாக்டர் முதல் தடவை எழுதிக் குடுத்தப்ப என்னமோ சொன்னாங்க. நான் அப்ப அரைத் தூக்கத்துல இருந்தேன், வார்த்தையெல்லாம் கிணத்துக்குள்ளேர்ந்து வந்துச்சு. தண்ணி நல்லா குடிங்க. வாந்தி வயித்துப்போக்குன்னா உடனே வாங்க. வேற டாக்டர் வலி மாத்திரை குடுத்தா என்கிட்ட கேளுங்க. அப்புறம்? அப்புறம் இன்னொண்ணு. இதுவும் ஒரு வகை உப்புதான்மா. சாப்பாட்டு உப்பை நீங்க திடீர்னு குறைச்சா, கிட்னி உப்பு பத்தலைன்னு பயந்துபோயி இதையும் வெளிய விடாம பிடிச்சு வச்சுக்கும், அப்ப ரத்தத்துல மருந்து ஏறிரும். சொன்னாங்க. சொன்னாங்கதான். காதுல விழுந்தது, உள்ள எங்கயோ கிடந்திருக்கு, ஆறு வருசம் கழிச்சு ஒரு கொய்யாத்துண்டுக்குக் கிளம்பி வருது. ஊருல எல்லா டாக்டரும் உப்பைக் குறை உப்பைக் குறைன்னுதான் சொல்றாங்க, குறைச்சா கெடுதல்னு யாருக்குத் தோணும்? எனக்கு எப்படிடி தோணாமப் போச்சு! அப்ப மாத்திரை என் கையைக் கெடுக்கல. மாத்திரையையும் விட வேணாம், ஊசியையும் விட வேணாம். ஐயோ. நெஞ்சுக்குள்ள ஜிவ்வுனு ஏறுச்சு சந்தோசம். ஏறுன உடனே வழக்கம்போல உள்ள ஒரு ஆளு எந்திரிச்சு நின்னு, இது உன்னோடதா, வியாதியோடதான்னு கேட்டுச்சு. என்னோடதுடா, போயி உக்காருன்னேன்.

ஆனா சொன்னா? இவரு மூஞ்சியைப் பாத்தேன். கயித்தைத் திருகிக்கிட்டு அந்த டிவியைப் பாத்துக்கிட்டிருக்காரு, ஒண்ணும் தெரியாம. எனக்கு நல்லது நடக்கணும்னு வாயைக் கட்டுன மனுசன்கிட்ட, நீங்க கும்பிட்ட கும்பிடுதான்யா எனக்கு விஷமாச்சுன்னு எப்படிச் சொல்றது? சொல்லாம விட்டா என்ன? டாக்டர்கிட்ட தனியா சொல்லிரலாம். இவருக்குத் தெரியாம என் தட்டுல மட்டும் உப்புப் போட்டுக்கலாம், பதினாறு நாளுதானே, முடிஞ்சுரும், மனுசன் சந்தோசமா போயி மாவிளக்குப் போட்டுட்டு வருவாரு. அப்புறம் அடுத்த கல்யாணத்துல நான் சிரிப்பேன். இவரு அடுத்த நேர்த்திக்கடன் நேருவாரு. மண்சோறா, தண்ணி குடிக்காத விரதமா, எது வரும்னு யாரு கண்டா? இல்லை. இதை இங்கயே முடிக்கணும். ஒளிச்சு வச்சு வாழுறதுக்கு இது கள்ளக்காதலா, என் மூளை. நாகஜோதின்னு உள்ளேயிருந்து கூப்பிட்டாங்க. எந்திரிச்சேன். காலு பின்னுச்சு, பின்னட்டும்னு நடந்தேன், இவரும் பின்னாடியே வந்தாரு.

டாக்டர் ரெஜினா ரிசல்ட்டைப் பாத்துட்டுக் கண்ணாடியைக் கழட்டுனாங்க. என்னம்மா, எப்பவும் பாயிண்ட் எட்டு இருக்கும், இப்ப ஒண்ணு புள்ளி ஆறு காட்டுது, ரெண்டு மடங்கு, மாத்திரை எதுவும் கூடப் போட்டீங்களா? இல்லை டாக்டர், நான்தான் எண்ணிக் குடுக்குறேன்னாரு இவரு. கையை நீட்டுங்க, விரலை விரிங்க. நீட்டுனேன், பத்தும் ஆடுச்சு. எத்தனை நாளா இப்படி, வாந்தி பேதி உண்டா, வலி மாத்திரை, பிரஷர் மாத்திரை ஏதாவது? எல்லாத்துக்கும் இல்லை இல்லைன்னு இவரே சொல்றாரு. சாப்பாட்டுல ஏதாவது மாத்துனீங்களா? ஒண்ணும் இல்லை டாக்டர், வீட்டுச் சாப்பாடுதான்னாரு. பொய் சொல்லல அவரு, அவருக்கு அது மாத்தமாவே தெரியல, சாமி காரியம். நான் சொன்னேன். முப்பத்திரெண்டு நாளா உப்பே சாப்பிடல டாக்டர். இவரு என் பக்கம் திரும்புனாரு. அவரு எனக்காக விரதம் இருக்காரு, நானும் கூட இருந்தேன், ஒரே சட்டியில சமைச்சேன், உப்பு குறைஞ்சா மருந்து ஏறும்னு நீங்க அப்பவே சொன்னீங்க, எனக்கு இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சுன்னு ஒரே மூச்சுல கொட்டிட்டேன். நல்ல வேளை இன்னைக்கு வந்தீங்க, இன்னும் ஏறியிருந்தா வலிப்பு வரைக்கும் போயிருக்கும்னாங்க டாக்டர். கையில இருக்கிற காலை மாத்திரை வேண்டாம், ராத்திரியும் வேண்டாம், நாளைக்கும் வேண்டாம், நாளன்னைக்குக் காலையில ரத்தம் பாத்துட்டு நான் சொல்ற அளவு. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருங்க, சலைன் ஏத்திப் பாத்துட்டு அனுப்புறேன். உப்பு வழக்கமா போடுற அளவு போடுங்க, விட்டதைப் பிடிக்கிறேன்னு அள்ளிப் போட்டுறாதீங்க. முதல்ல கீழ போயி ஏதாவது சாப்பிட்டுட்டு வாங்க. வேற ஏதாவது கேக்கணுமா நாகஜோதி? காலையிலேர்ந்து தேய்ச்சுத் தேய்ச்சு வச்சிருந்த அந்த வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்து நின்னுச்சு. கை திரும்ப நிக்குமா டாக்டர், ஊசி பிடிக்கணும்னேன். நிக்கும்னாங்க. அப்ப மாத்திரையை விடமாட்டேன்னேன். நான் ஏன் அதைச் சொல்றேன்னு பாவம் அவங்களுக்குப் புரியல.

காண்டீன்ல ரெண்டு பொங்கல் சொன்னேன். தட்டு வந்த உடனே, நானே உனக்கு விஷம் வச்சிட்டேனா ஜோதின்னாரு. ஆமான்னா செத்துப்போவாரு, இல்லைன்னா பொய். நான்தானே சமைச்சேன், பாதி என் தப்பு, சாப்பிடுங்கன்னேன். எனக்கு வேணாம், நீ சாப்பிடு. ஏன்? பதினாறு நாள் நான் மட்டும் தனியா முடிச்சிடுறேன், பாதியில விட்டா உனக்கு ஏதாச்சும் ஆயிட்டாங்கிறாரு. எனக்குச் சுருக்குனு வந்துச்சு. ஆச்சுன்னா ஆகட்டுமே! போன தடவை ஆச்சே, யாருங்க பாத்தது? நாலு மாசம் தினமும் பஸ் டிரிப்பு முடிச்சிட்டு வந்து யாரு என்னைக் குளிப்பாட்டுனது, யாரு எனக்குத் தலை சீவி ஈரு எடுத்தது? தொட்டா பிணம் மாதிரி கிடந்தவளுக்கு யாரு சோத்தைப் பிசைஞ்சு ஊட்டுனது? மாரியம்மனா வந்தா? நீங்கதான வந்தீங்க. சத்தம் கொஞ்சம் கூடிருச்சு, நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க, பாக்கட்டும். இவரு தட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு. அதான் ஜோதி பயம்னாரு. என்ன பயம்? உனக்கு வந்துருமோன்னு இல்லை. அப்ப எப்படிப் பண்ணுனேன்னு இப்ப எனக்கே தெரியல. இன்னொரு தடவை வந்தா என்னால முடியாதோன்னு இருக்கு. சொல்லிட்டு உள்ளங்கையால மூஞ்சியைத் தேய்ச்சுக்கிட்டாரு, அறுநூறு மைல் வண்டி ஓட்டுன ஆளு மாதிரி.

ஆறு வருசமா என்னையே வேவு பாக்குறாருன்னு நெனச்சு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தேன். நான் சிரிச்சா, நான் திட்டுனா, நான் சும்மா இருந்தா இந்த மனுசன் அவரைத்தான் எடை போட்டுப் பாத்திருக்காரு, தாங்குவோமா தாங்கமாட்டோமான்னு. கழுதை, இதை ஒரு நாளு வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? அழுகை வந்துச்சு, நல்ல அழுகை, சோறு மேல சொட்டுற மாதிரி. துடைச்சுக்கிட்டேன். முடியலைன்னா என்கிட்ட சொல்லுங்க, சாமிகிட்ட போயி சொல்லாதீங்க, நல்லா இருக்கும்போது சொல்லுங்க, ரெண்டு பேருமா யோசிச்சு வைப்போம், பர்வீன் இருக்கா, பையன் இருக்கான், டாக்டரு இருக்காங்கன்னேன். அவரு தலையை ஆட்டுனாரு. கயித்தை அவுக்கல, அவுக்கச் சொல்லி நானும் கேக்கல, அது அவருக்கும் மாரியம்மனுக்கும் உள்ள பேச்சு. தட்டை அவரு பக்கம் தள்ளுனேன். என் கை ஆடுன ஆட்டத்துல சட்னி கொஞ்சம் மேசையில ஊத்துச்சு. அவரு அதை விரலால வழிச்சுட்டு, ஒரு வாய் பொங்கலை எடுத்து, கண்ணை மூடிக்கிட்டு, யாரோ அடிக்கப்போற மாதிரி தோளைக் குறுக்கிக்கிட்டு வாயில வச்சாரு. மென்னாரு. முழுங்குனாரு. ஒண்ணும் ஆகல. கண்ணைத் திறந்து என்னைப் பாத்தாரு.

"ரொம்பக் கரிக்குது ஜோதி"ன்னாரு.

"பழகிரும், சாப்பிடுங்க"ன்னேன்.